கிட்டப் போய்ப் பார்க்க ஒரு வளையம்!

சகோதரிகளே, வீட்டையும் சமையலையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று காமிராவைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள். இதுவும் வீட்டுச் சமாசாரம்தான். நகை, ரசீது, பிள்ளையின் படிப்பு, கூடப் பிறந்தவளின் மனசு எல்லாம் இதில் இருக்கிறது.

அம்மா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. எனக்கு அவள் விட்டுப்போனது ஒரு ஜோடி ஏழு கல் சிவப்புத் தோடு. தங்கைக்கு ரெட்டை வடச் சங்கிலி. இந்த வருஷம் என் மகளுக்கு நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் தவணைப் பணத்துக்குக் கொஞ்சம் இடித்தது. எங்க வீட்டுக்காரர் கடன் வாங்கலாம் என்றார். "வட்டி கட்டிக்கொண்டு தோட்டைப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதா? விற்றுவிடலாம்" என்று நான்தான் சொன்னேன்.

தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "உன் தோடு, உன் இஷ்டம் அக்கா. ஆனா இடது தோட்டுக்குப் பின்னாடி அப்பா பத்தரிடம் சொல்லிப் பொறிக்கச் சொன்ன ரெண்டு எழுத்து இருக்கில்ல, அதை மட்டும் நல்லா ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடு" என்றாள்.

இது என்ன பிரமாதம் என்று செல்போனை எடுத்தேன். பத்து படம் எடுத்தும் பளபளவென்று ஒரு மஞ்சள் வட்டம்தான் தெரிந்தது. கிட்டே கொண்டுபோனால் மங்கியது. தள்ளிப் பிடித்தால் எழுத்து கடுகைவிடச் சின்னதாகப் போனது. பத்து நாளில் பணம் கட்டியாக வேண்டும். தோடு கடைக்குப் போய்விட்டால் அப்புறம் எங்கே போய்ப் படமெடுப்பது?

வீட்டில் ஒரு கானன் டி.எஸ்.எல்.ஆர். காமிரா இருந்தது. நாத்தனார் மகன் கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தவன், புதுசு வாங்கியதும் பழசை எங்களிடம் கொடுத்துவிட்டான். கூடவே 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் ஒன்று, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று. அவனிடம் கேட்டேன். "மேக்ரோ லென்ஸ் வாங்கினால் நல்லாத்தான் இருக்கும் அத்தை, ஆனா முப்பதாயிரத்துக்கு மேல ஆகும். இந்த ஒரு வேலைக்கு வேண்டாம். எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்குங்க, போதும்" என்றான்.

அது என்ன ட்யூப்?

சொன்னால் சிரிப்பீர்கள். அது வெறும் வெற்று வளையம்! உள்ளே கண்ணாடி கிடையாது. காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுவது. அதனால் லென்ஸ் காமிராவிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். அப்படித் தள்ளி நின்றால் மிகக் கிட்டத்தில் உள்ள பொருளும் தெளிவாக விழும், பெரிசாகவும் விழும். கண்ணாடி இல்லாததால் லென்ஸின் தரம் கெடாது. ஆனால் வளையம் மாட்டியிருக்கும்போது தூரத்தில் இருப்பது எதுவும் தெளிவாக விழாது. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மளிகைக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிசில்லை. வளையத்தின் நீளத்தை லென்ஸின் எண்ணால் வகுத்தால், எத்தனை பங்கு பெரிசாகும் என்று தெரியும். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 மில்லிமீட்டர் வளையம் மாட்டினால் பாதி. அதாவது பொருளின் நிஜ அளவில் பாதி அளவுக்குக் காமிராவுக்குள் பிம்பம் விழும். 50 மில்லிமீட்டர் வளையம் மாட்டினால் முழு அளவு. இதைத்தான் ஒன்றுக்கு ஒன்று என்கிறார்கள். மேக்ரோ என்றால் சரியான அர்த்தம் அதுதான். இதற்கு மேல், லென்ஸைக் கிட்டத்து ஃபோகஸுக்குத் திருப்பினால் இன்னும் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

எங்கள் காமிராவில் பிம்பம் விழுகிற சென்ஸார் சுமார் 22 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் உயரம். ஒன்றுக்கு ஒன்று என்றால் ஒரு ரூபாய் நாணயம் அகலத்தை அடைத்துக்கொண்டு, மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகும். தோட்டின் பின்தகடு அதைவிடச் சின்னது. அப்படியானால் அந்த இரண்டு எழுத்தும் எவ்வளவு பெரிசாகத் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த தப்பு

மலிவாக இருக்கிறதே என்று முதலில் 350 ரூபாய்க்கு ஒரு செட் வரவழைத்தேன். மூன்று வளையம், திருகித் திருகிச் சேர்ப்பது. மாட்டினேன். காமிராவின் திரையில் எப் 00 என்று வந்தது. ஃபோகஸ் வேலை செய்யவில்லை. லென்ஸின் துளையையும் மாற்ற முடியவில்லை. எடுத்த படத்தில் தகட்டின் நடுவில் ஒரு கோடு மட்டும் தெளிவு; மற்றதெல்லாம் பாலாடை போர்த்தினமாதிரி மங்கல்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. இந்தக் காலத்து லென்ஸ்கள் காமிராவிலிருந்து வருகிற மின்சாரத்தால் வேலை செய்கின்றன. லென்ஸின் அடியில் பொன்னிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் வழியாகத்தான் காமிராவும் லென்ஸும் பேசிக்கொள்கின்றன. நான் வாங்கிய வளையத்தில் அந்தப் புள்ளிகள் இல்லை. பேச்சு நின்றுபோனதால் லென்ஸின் துளை முழுசாகத் திறந்தபடியே நின்றுவிட்டது. துளை பெரிசாகத் திறந்திருந்தால் தெளிவு விழும் ஆழம் குறையும். இவ்வளவு கிட்டத்தில் அது கால் மில்லிமீட்டர்கூட இல்லை!

வாங்கும்போது "தொடர்புப் புள்ளி உள்ள வளையமா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆட்டோ ட்யூப் என்று கடையில் சொல்வது இதைத்தான். நான் இரண்டாவது தடவை 2,200 ரூபாய் கொடுத்து வாங்கியது அதுவே. முதல் 350 ரூபாய் தண்டம். அந்த நேரத்தில் அந்தப் பணமும் வலிக்கத்தான் செய்தது.

வெறும் வளையம் யாருக்கு உதவும் என்றால், பழைய பிலிம் காலத்து லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. அதில் துளையைக் கையாலேயே திருப்புகிற வளையம் லென்ஸின் மேலேயே இருக்கும். அப்பாவோ மாமனாரோ வைத்திருந்த பழைய நிக்கான் லென்ஸ் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தால், அதற்கு மலிவு வளையமே போதும். ஆனால் அந்த மேல்வளையம் இல்லாத நிக்கான் லென்ஸை வெறும் வளையத்தில் மாட்டினால் துளை மிகச் சின்னதாக மூடிக்கொண்டு ஒரே இருட்டாகிவிடும். கண்ணாடி இல்லாத காமிரா என்கிறார்களே, மிரர்லெஸ், அதன் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் இல்லாவிட்டால் கையால் ஃபோகஸ்கூடத் திருப்ப முடியாது. அவர்களுக்கும் புள்ளி உள்ளதுதான் வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் காமிராவின் வாய். கானன் வளையம் நிக்கானில் சேராது. ஒரே கானனிலும் டி.எஸ்.எல்.ஆருக்கு ஒரு வாய், புது மிரர்லெஸுக்கு வேறு வாய். கானன் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா, வெள்ளைச் சதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய வளையங்கள் சிவப்புப் புள்ளி லென்ஸை மட்டும்தான் ஏற்கும். இரண்டு குறியும் உள்ள வளையம் நல்லது.

அடுத்து நீளம். டி.எஸ்.எல்.ஆருக்கு 12, 20, 36 மில்லிமீட்டர் என்று மூன்று சேர்ந்து வருவது வழக்கம். தனித்தனியாகவும் மாட்டலாம், சேர்த்தும் மாட்டலாம். மூன்றும் சேர்ந்தால் 68. மிரர்லெஸுக்கு 10, 16 என்று இரண்டு வரும். ஒன்றே ஒன்று வாங்குவதைவிட செட்டாக வாங்குவது லாபம். ஒரு பொருளுக்கு 12 போதும். இன்னொன்றுக்கு 56 வேண்டியிருக்கும்.

மூன்றாவது, எந்த லென்ஸில் மாட்டப் போகிறீர்கள் என்பது. இதைத்தான் நிறையப் பேர் யோசிப்பதில்லை. ஜூம் லென்ஸை 18-ல் வைத்து வளையம் மாட்டினால் பொருள் லென்ஸ் கண்ணாடியையே முட்டும். அப்போதும் தெளிவு வராது. 55-க்குத் திருப்பி, 12 வளையம் மட்டும் மாட்டினால் தேவலை. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குத்தான் இந்த வளையம் பொருத்தமோ பொருத்தம். 36 வளையத்தோடு பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஏறக்குறைய அரைச் சாண் இடம் கிடைக்கும். நகைக்கு அது போதும்.

200 மில்லிமீட்டர் போன்ற நீள லென்ஸுக்கு வளையத்தால் பெரிய பிரயோசனம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36-ஐ 200-ஆல் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு லென்ஸின் முன்னால் திருகுகிற குளோஸ்-அப் கண்ணாடி நல்லது. நம் வாசிப்புக் கண்ணாடி மாதிரிதான் அதுவும். பிளஸ் 2, பிளஸ் 4 என்று பவர் இருக்கும். 200 லென்ஸுக்கு பிளஸ் 2 போட்டால் ஐந்தில் இரண்டு பங்கு கிடைத்துவிடும். வெளிச்சமும் குறையாது. தோட்டத்து வண்ணத்துப்பூச்சியைத் தள்ளி நின்று எடுக்க அதுதான் தோது. ஆனால் ரொம்ப மலிவான ஒற்றைக் கண்ணாடியில் ஓரமெல்லாம் வண்ணக் கோடு விழும்; இரண்டு கண்ணாடி சேர்த்து ஒட்டியதாகக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, கையில் எடுத்துப் பாருங்கள். லென்ஸை மாட்டி லேசாக ஆட்டினால் கடகடவென்று ஆடக்கூடாது. கனமான லென்ஸுக்கு உலோக வாய் உள்ளது நல்லது. உள்பக்கம் பளபளக்காமல் கறுப்பாக, மங்கலாக இருக்க வேண்டும். பளபளத்தால் வெளிச்சம் உள்ளே அடிபட்டுப் படம் வெளிறிப் போகும்.

செல்போனுக்கு இந்த வளையம் ஆகாது. லென்ஸ் கழற்ற முடிகிற காமிராவுக்கு மட்டும்தான்.

எடுக்கிற விதம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜன்னல் ஓரம் மேஜையைப் போட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். வளையம் மாட்டும்போதும் தூசி பறக்கக்கூடாது: காமிராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு மாட்ட வேண்டும். அடுப்படியில் வைத்து இந்த வேலை கூடவே கூடாது.

டிரைபாட் ஸ்டாண்டு எங்களிடம் இல்லை. இரண்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி அதன் மேல் காமிராவை அமுக்கி உட்கார வைத்தேன். அசையவே இல்லை. தோட்டைப் பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கொஞ்சம் மாவுப் பிசினால் நிற்க வைத்தேன். பின்தகடு லென்ஸுக்கு நேராக, சாயாமல் இருக்க வேண்டும். சாய்ந்தால் பாதி எழுத்து மங்கிவிடும்.

ஃபோகஸைக் கையால் என்று மாற்றிவிடுங்கள். திரையில் பார்த்து, பெரிதாக்கும் பொத்தானை அழுத்தி, நோட்டுப் புத்தகத்தை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். லென்ஸைத் திருகுவதைவிடப் பொருளை நகர்த்துவதுதான் சுலபம். துளையை எப் 8-ல் வையுங்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில் அப்போதும் தெளிவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓர் அரிசி மணியின் தடிமன்கூட வராது. அதற்காக எப் 22 வரை போகாதீர்கள். துளை ரொம்பச் சின்னதானால் படம் முழுக்க மழுங்கிவிடும்.

வளையம் மாட்டினால் வெளிச்சமும் குறையும். 36 வளையத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். ஒன்றுக்கு ஒன்று அளவில் கால் பங்குதான். காமிரா தானே சமாளித்துக்கொண்டு கூடுதல் நேரம் திறந்து வைக்கும். அந்த நேரத்தில் கை பட்டால் ஆடிப்போகும். ஆகவே 2 விநாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

நகையின் பளபளப்புக்கு ஒரு வழி: ஜன்னலில் பட்டர் பேப்பரை ஒட்டிவிட்டால் வெளிச்சம் மெத்தென்று விழும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை நிறுத்துங்கள். கல்லும் தங்கமும் அழகாக வரும். ஆனால் பொறித்த எழுத்துக்கு இது உதவாது. அதற்கு நேர்மாறாக, ஜன்னலை மூடிவிட்டு ஒரு சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில், தகட்டை உரசுகிறமாதிரி தாழப் பிடிக்க வேண்டும். பொறித்த பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும்.

20-ஐயும் 36-ஐயும் சேர்த்து மாட்டி, மகள் டார்ச்சைப் பிடிக்க, எடுத்தேன். இடது தோட்டில் இரண்டு எழுத்தும் பளிச்சென்று விழுந்தன. அம்மா பெயரின் முதல் எழுத்து, அப்பா பெயரின் முதல் எழுத்து. உளியின் ஒவ்வொரு தட்டும் தெரிந்தது. கொம்பை வளைக்கிற இடத்தில் பத்தரின் கை ஒருமுறை வழுக்கியிருக்கிறது; அதுகூடத் தெரிந்தது.

"வலது தோட்டையும் எடும்மா" என்றாள் மகள். அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். எடுத்தோம். டார்ச்சை இன்னும் தாழ்த்தினாள். அதிலும் அதே இரண்டு எழுத்து, தேய்ந்து தேய்ந்து நிழலாக! கண்ணுக்குத் தெரியாதது படத்தில் தெரிந்தது. ஒன்று மட்டும் ஏன் இப்படித் தேய்ந்தது என்று எனக்குப் புரியவில்லை.

நாலு படத்தையும் தங்கைக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். அழுகிற குரல். "அம்மா எப்பவும் வலப்பக்கமா ஒருக்களிச்சுத்தானே அக்கா படுப்பாங்க. என்னை அணைச்சுக்கிட்டு" என்றாள்.

அவள்தான் கடைசிவரை அம்மாவின் பக்கத்தில் படுத்தவள். எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

திங்கட்கிழமை தோட்டை விற்றோம். கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் போட்டார்கள், அது வழக்கம்தான். பணம் கட்டியாயிற்று. மகள் கல்லூரி போகிறாள். விற்றது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் படங்கள் இல்லாமல் விற்றிருந்தால் தங்கையின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேனோ, தெரியாது. இரண்டு பிரதி அச்சடித்து ஒன்றை அவளுக்கு அனுப்பினேன்.

வீட்டில் வேறு எதற்கு உதவும்?

2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கிற ஹால்மார்க் தங்க நகையில், எழுத்தும் எண்ணுமாக ஆறு குறி கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற அடையாளம் இருக்க வேண்டும். கூடவே பி.ஐ.எஸ். முத்திரையும், 22 காரட் என்றால் 916 என்ற எண்ணும் இருக்கும். நாற்பது தாண்டிய நம் கண்ணுக்கு அது எறும்பின் கால்தான்! நகை வாங்கிய அன்றே இப்படிப் படமெடுத்து, ரசீதோடு வைத்துவிடுங்கள். அந்த ஆறு குறியை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: நகைப் படங்களை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வானேன்?

கறிவேப்பிலைச் செடியில் இருக்கிற புழு, பழைய புடவையின் ஜரிகை, பாட்டி போட்ட எம்ப்ராய்டரி எல்லாம் இந்த வளையத்துக்கு ஏற்றவை. கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், பிள்ளை தூங்கும்போது 12 வளையம் மட்டும் மாட்டி, விரல் நகத்தை எடுத்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சமே போதும். அவ்வளவு கிட்டத்தில் பிளாஷ் போட வேண்டாம். காமிராவின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், பிள்ளை மேல் விழுந்துவிடக் கூடாது.

விற்கவோ, உருக்கவோ, மாற்றவோ போகிற பழைய நகை உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு காரியம் செய்யுங்கள். கடைக்குப் போகிறதற்கு முந்தின நாள் முன்பக்கம், பின்பக்கம், திருகு, கொக்கி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கூடப் பிறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். உங்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த இதழில், அட்டைப் பெட்டியும் பட்டர் பேப்பரும் வைத்து வீட்டிலேயே வெளிச்சப் பெட்டி செய்வது எப்படி என்று சொல்கிறேன். பழைய காலணிப் பெட்டி இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!